ஒலிப்பதிவே இல்லாத குரலை மீட்டுப் பாட முடியுமா? ஜென்னி லிண்டின் அமெரிக்கப் பயணம் குறித்து

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் ஒரு சோப்ரானோ (உச்சப் பெண்குரல்) பாடகி, ஸ்வீடன் நாட்டு ஓபரா பாடகி ஜென்னி லிண்ட் 1850இல் அமெரிக்காவில் தொடங்கிய கச்சேரிப் பயணத்தை மீட்டுருவாக்கி மேடையேற்றப் போகிறார். அந்தக் கால உடை, அந்தக் கால நிகழ்ச்சி நிரல் என்று விளம்பரம் சொல்கிறது. லிண்டின் குரலைப் பதிவு செய்தவர் யாருமில்லை, அப்படியிருக்க எதைத்தான் மீட்கிறார்கள், இது இசையா வெறும் வேடமா, டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017இல் வந்த ஹாலிவுட் படத்தில் லிண்ட் பாடுவதாகக் காட்டிய பாட்டைத் தவிர அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அன்று மாலை உங்கள் காதில் விழப்போவதில் எவ்வளவு லிண்டுடையது, எவ்வளவு இன்றைய பாடகியின் ஊகம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன்.

நான் பியானோ பயின்று, பல ஆண்டுகளாக ஓபரா பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துவருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு நிகழ்ச்சி நிரல்களை அப்படியே எடுத்துப் பாடும் கச்சேரிகளிலும் வாசித்திருக்கிறேன். லிண்டின் நிரலும் அவற்றில் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நிரலை மீட்கலாம். பாட்டுக்கு அவர் போட்ட அலங்காரங்களில் ஒரு பகுதியை மீட்கலாம். மேடையில் யார், எப்போது, எந்த வரிசையில் வந்தார்கள் என்பதை மீட்கலாம். குரலை மீட்க முடியாது. இந்த எல்லையை மறைக்காமல் பாடுபவரின் கச்சேரிக்குக் கட்டாயம் போக வேண்டும் என்பது என் கருத்து.

படத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். அதில் வருவது இன்றைய பாப் பாட்டு. நடித்தவருக்காக அந்தப் பாட்டுக்கு வேறொருவர் குரல் கொடுத்திருந்தார். லிண்டுக்கும் பயணத்தை ஏற்பாடு செய்த பார்னமுக்கும் இடையே படம் கோடிகாட்டும் காதலுக்கும் ஆதாரம் கிடையாது. லிண்ட் 1820இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். 1838இல், பதினேழு வயதில், வெபரின் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்' ஓபராவில் நாயகி ஆகாத்தேயாகப் பாடிப் பெயர் பெற்றார். ஓய்வில்லாமல் பாடியதில் குரல் கெட்டது. 1841இல் பாரிஸில் குரல் ஆசிரியர் மானுவேல் கார்சியாவிடம் போனபோது, குரல் மிச்சமில்லை, கற்றுத்தர ஏதுமில்லை என்ற பொருளில் அவர் சொன்னார். பிறகு மனமிரங்கி, சில வாரங்கள் பாடவே கூடாது, பேசுவதையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அதன் பின் சேர்த்துக்கொண்டார். சுமார் பத்து மாதப் பயிற்சியில் மூச்சும் ட்ரில்லும் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை விரைவாக மாற்றி மாற்றிப் பாடுவது) குரலின் உச்சப் பகுதியும் புதிதாகக் கட்டி எழுப்பப்பட்டன. பிற்காலத்தில் குரல்வளையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் முறையை உலகுக்குச் சொன்னவரும் இதே கார்சியாதான். பெர்லின், வியன்னா, லண்டன் என்று புகழின் உச்சிக்குப் போன லிண்ட், 1849 மே மாதம் ஓபரா மேடையை ஒரேயடியாக விட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 28. ஆகவே அமெரிக்கா கேட்டது ஓபராவை விட்டு விலகிய, கச்சேரி மட்டுமே பாடிய லிண்டை. உங்கள் பாடகி முழு ஓபராக் காட்சி எதையாவது நடித்துக் காட்டினால் அது அந்தப் பயணத்தைச் சேர்ந்ததல்ல.

1850 ஜனவரி 9 அன்று அமெரிக்கக் கேளிக்கை நிகழ்ச்சி அமைப்பாளர் பி. டி. பார்னமின் முகவருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 150 கச்சேரிகள், ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர், செலவு தனி. உடன் வந்த பியானோ கலைஞர் ஜூலியஸ் பெனடிக்ட், பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பாடகர் ஜொவானி பெலெட்டி ஆகியோரின் சம்பளத்தையும் சேர்த்து 1,87,500 டாலரை லண்டனில் பேரிங் வங்கியில் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பார்னம் கட்டினார். லிண்ட் பாடி அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. ஸ்வீடனில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிகள் அமைக்கப் பணம் சேர்ப்பதுதான் லிண்டின் நோக்கமாக இருந்தது. செப்டம்பர் 1 அன்று 'அட்லாண்டிக்' நீராவிக் கப்பல் நியூயார்க் துறையை அடைந்தபோது கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டிருந்தார்கள். முதல் கச்சேரியின் டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். முதல் டிக்கெட்டை ஜெனின் என்ற தொப்பி வியாபாரி 225 டாலருக்கு எடுத்தார். நாடு முழுவதும் பத்திரிகைகளில் அவர் பெயர் வந்தது, தொப்பி வியாபாரமும் பெருகியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் முந்தைய ஊரின் விலையை முறியடிக்கப் போட்டி. பாஸ்டனில் ஒரு பாடகர் 625 டாலர் கொடுத்தார். பிராவிடன்ஸில் 650.

செப்டம்பர் 11 அன்று கேஸில் கார்டனில் நடந்த அந்த முதல் கச்சேரியின் நிரல் நம்மிடம் முழுமையாக இருக்கிறது. மீட்டுருவாக்கங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் தொடங்குகின்றன. வெபரின் 'ஓபெரான்' முன்னிசையை அறுபது பேர் கொண்ட வாத்தியக் குழு வாசித்தது. அடுத்து பெலெட்டி ரொஸ்ஸினியின் 'மாவோமெத்தோ' ஓபராவிலிருந்து ஒரு பாடலைப் பாடினார். அதற்குப் பிறகுதான் வெள்ளை உடையில் லிண்ட் மேடைக்கு வந்து, பெல்லினியின் 'நோர்மா'விலிருந்து 'காஸ்தா தீவா' பாடினார். தொடக்கத்தில் குரல் நடுங்கியது என்றும், போகப்போக நிலைபெற்றது என்றும், கடைசிச் சுரங்கள் கரவொலியில் மூழ்கிப்போயின என்றும் அன்று எழுதியிருக்கிறார்கள். அடுத்து இரண்டு பியானோக்களில் பெனடிக்டும் ரிச்சர்ட் ஹாஃப்மனும். முதல் பாதியின் முடிவில் ரொஸ்ஸினியின் 'துருக்கியன் இத்தாலியில்' ஓபராவிலிருந்து லிண்டும் பெலெட்டியும் சேர்ந்து பாடிய நகைச்சுவை ஜோடிப் பாட்டு. இரண்டாம் பாதியில் பெனடிக்டின் சொந்த முன்னிசை, மையர்பேர் எழுதிய குரலும் இரண்டு புல்லாங்குழல்களும் சேர்ந்த பாடல், பெலெட்டியின் குரலில் ஃபிகரோவின் புகழ்பெற்ற பாட்டு, அதன் பின் லிண்டின் 'எதிரொலிப் பாட்டு'. கடைசியில் 'அமெரிக்காவுக்கு வாழ்த்து'. இந்த வாழ்த்துப் பாட்டுக்காக பார்னம் 200 டாலர் பரிசுடன் போட்டி வைத்தார். பேயர்ட் டெய்லர் எழுதிய கவிதை வென்றது. பெனடிக்ட் அவசரமாக இசையமைத்துக் கொடுத்தார்.

இந்த வரிசையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். லிண்ட் மேடைக்கு வந்தது ஐந்தே முறை. நடுவில் வாத்தியக் குழு, பாரிட்டோன், பியானோக்கள். உருக்கமான பாட்டுக்குப் பின் வேகமான பியானோ, அதற்குப் பின் நகைச்சுவை. அன்றைய கச்சேரி கலவையாக இருப்பதற்கென்றே கட்டப்பட்டது. பாடகி ஓய்வெடுத்து, ஒவ்வொரு முறையும் புதுக் குரலோடு வந்தார். கேட்பவர்களும் ஏங்கிக் காத்திருந்தார்கள். இன்று செலவைக் குறைக்க ஒரு பாடகியும் ஒரு பியானோவும் மட்டும் இரண்டு மணி நேரம் நடத்தும்போது லிண்டின் பாட்டுகள் எல்லாம் இருக்கும், லிண்டின் மாலை மட்டும் இருக்காது. குறைந்தபட்சம் ஒரு பாரிட்டோனும் தனி பியானோ உருப்படிகளும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெனடிக்ட் வெபரிடம் நேரடியாகப் பயின்றவர். 'ஓபெரான்' முன்னிசையோடு அந்த மாலை தொடங்கியதில், நியூயார்க் மக்கள் வெபரின் சீடன் நடத்திய வெபரைக் கேட்டார்கள். நிகழ்ச்சிக் கையேட்டில் இதை ஒரு வரியில் சொன்னாலே அந்த முன்னிசையை மக்கள் வேறு காதால் கேட்பார்கள்.

இப்போது அலங்காரங்களுக்கு வருகிறேன். என் அனுபவத்தில், ஒரு மீட்டுருவாக்கம் உழைத்துச் செய்யப்பட்டதா என்பதை இங்கேதான் கண்டுபிடிக்க முடியும். இத்தாலியப் பாடல்களின் முடிவுக்குச் சற்று முன் வாத்தியங்கள் நின்றுவிடும். பாடகர் தன் கற்பனைக்கேற்ப சில நொடிகள் தனியே பாடி, பிறகு முடிவுச் சுரத்தில் வந்து சேருவார். இதைக் கேடன்ஸா என்பார்கள். இசையமைப்பாளர் அந்த இடத்தில் ஒன்றிரண்டு சுரங்களே எழுதியிருப்பார், மிச்சம் பாடகருடையது. லிண்ட் தனக்கென்று அமைத்துக்கொண்ட கேடன்ஸாக்கள் பல எழுத்தில் இருக்கின்றன. அவர் கணவர் ஓட்டோ கோல்ட்ஷ்மிட் திரட்டிக் கொடுக்க, லிண்ட் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1891இல் லண்டனில் வெளிவந்த அவர் வாழ்க்கை வரலாற்றின் பின்னிணைப்பில் அவை அச்சாயின. இது பெரிய சொத்து. ஆனால் வீட்டு வாசலில் புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் போன கோலம் போன்றது அந்தத் தாள். எந்தச் சுரம் என்று தெரியும். எவ்வளவு வேகம், எங்கே மூச்சு, எந்தச் சுரத்தில் இழுத்து நின்றார், எதை மெல்லக் கரைத்தார் என்ற கோடுகளைப் பாடகிதான் போட வேண்டும். தாளில் இருப்பது திரும்பத் திரும்பப் பாடி ஒரு வடிவத்துக்கு வந்த பாடம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். செப்டம்பர் 11 இரவு இதையே பாடினார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பல மீட்டுருவாக்கங்களில் இந்தத் தாளையே எடுத்துப் பார்ப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டு இசைத்தட்டுகளில் கேட்டுப் பழகிய கேடன்ஸாக்களை அப்படியே பாடிவிடுகிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் லிண்ட் என்ற பெயரை விளம்பரத்தில் போட்டுவிட்டு, அவர் எழுத்தில் விட்டுப்போனதைத் தொடாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிடைக்காததை ஊகிக்கலாம், தவறில்லை. கிடைத்ததை விட்டுவிட்டு ஊகிப்பது சோம்பல்.

குரலைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கேட்டவர்களின் எழுத்துகள் ஏராளமாக இருக்கின்றன. சில விஷயங்களில் அவை ஒத்துப்போகின்றன: உச்சப் பகுதி தெளிவாக ஒளிர்ந்தது, நடுப்பகுதியில் லேசான திரை விழுந்ததுபோல் இருந்தது, மூச்சின் நீளம் வியக்கவைத்தது, மிக மெல்லிய குரலும் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசை வரை போனது. நடுப்பகுதியின் அந்தத் திரை, இளம் வயதில் குரல் பட்ட காயத்தின் தழும்பு என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கருதினார்கள். குரல்வளை மருத்துவம் என் துறை அல்ல, ஆகவே அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது. இசையமைப்பாளர் மெண்டல்ஸோன், குழுவும் தனிப்பாடகர்களும் பாடும் 'எலியா' என்ற தன் படைப்பின் சோப்ரானோ பகுதியை எழுதும்போது லிண்டின் குரலை மனதில் வைத்திருந்தார். அவருடைய மேல் எஃப் ஷார்ப் சுரம் மெண்டல்ஸோனை அப்படிக் கவர்ந்திருந்தது. 'கேள், இஸ்ரவேலே' என்று தொடங்கும் பாடலில் அந்தச் சுரம் எங்கெங்கே, எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால், ஒரு குரலை நெருங்கிக் கேட்ட மேதை ஒருவர் விட்டுச்சென்ற வரைபடம் கிடைக்கிறது. பத்திரிகை விமர்சகர்களின் உவமைகளைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

பாடும் முறையில் இன்னும் விவாதம் ஓயாத விஷயங்கள் சில உண்டு. குரலில் இடைவிடாத அதிர்வு இன்று இயல்பு. 1850இல் அது இவ்வளவு இருந்திருக்காது, உணர்ச்சி மேலிடும் இடங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள் என்று பலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் வாதிடுபவர்களே எவ்வளவு குறைவு என்பதில் ஒத்துப்போவதில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது இன்றைவிட அன்று அதிகம், இதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. சுருதி ஊருக்கு ஊர் மாறியது. பிரான்ஸ் அரசு தன் நாட்டுக்கு ஒரே சுருதியை நிர்ணயித்ததே 1859இல்தான். ஆகவே 'லிண்ட் பாடிய அதே சுருதியில்' என்று யாராவது விளம்பரம் செய்தால், எந்த ஊரில் பாடிய சுருதி என்று கேளுங்கள். லிண்ட் குரலைப் பதிவு செய்தார், ஒலி பதிந்த அந்த உருளை தொலைந்துபோனது என்ற கதையும் அவ்வப்போது தலைகாட்டும். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியது 1877இல், லிண்ட் மறைந்தது 1887 நவம்பரில். கால அளவில் நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் அப்படியொரு பதிவு எங்கும் வெளிப்படவில்லை.

எதிரொலிப் பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் கூட்டம் வெறிகொண்டு கேட்டது இதைத்தான். நார்வே மலைகளில் மாடு மேய்ப்பவர் மந்தையை அழைப்பதும் மலை திருப்பிச் சொல்வதும்தான் பாட்டு. லிண்ட் இதற்கு யாரையும் வாசிக்கவிடாமல், தானே பியானோ முன் அமர்ந்து வாசித்துக்கொண்டு பாடினார். அழைப்பை முழுக் குரலில் பாடுவார். அடுத்த கணமே அதே சொற்றொடர் வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் மெலிந்து திரும்பும். நான் பங்கேற்ற ஒரு கச்சேரியில் பாடகி இதை நின்றுகொண்டு பாட, நான் வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. ஒத்திகையில் எதிரொலி ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தாமதமானது. நான் அவர் மூச்சைக் கேட்டு வாசிக்க வேண்டியிருந்தது, அவர் என் விரலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவரையே உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். உட்கார்ந்து பாடுவதால் விலா எலும்புகள் விரிய இடம் குறையும் என்று பயந்தார். பின்முதுகை நிமிர்த்தி, நாற்காலியின் முன்விளிம்பில் அமர்ந்து, இடது கையில் வெறும் இரண்டு சுரத் தாங்கலை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். முழுக் குரல் முடிந்த நொடியில், தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பி, வாயை ஏறக்குறைய மூடியபடி எதிரொலியைப் பாடினார். இடைவெளியே இல்லை. பாடுபவரும் வாசிப்பவரும் ஒருவராக இருந்தால்தான் மலை உடனே பதில் சொல்லும் என்பது அன்றைக்குத்தான் என் கைக்குப் புரிந்தது. இது எந்த ஆவணத்திலும் இல்லாத அறிவு. ஒரு பழைய கச்சேரியை அதே நிபந்தனைகளோடு செய்துபார்ப்பதில் கிடைப்பது இந்த மாதிரி அறிவுதான், அதற்காகவே இந்த வேலையை நான் விரும்புகிறேன்.

மையர்பேரின் பாடலும் அப்படித்தான். 1844இல் பெர்லினுக்காக எழுதிய ஓபராவில், லிண்டை மனதில் வைத்து, குரலை மூன்றாவது புல்லாங்குழலாகவே பயன்படுத்தியிருக்கிறார். பிறகு பாரிஸுக்காக எழுதிய 'வடக்கின் நட்சத்திரம்' ஓபராவில் இதே இசையை மறுபடி எடுத்துக்கொண்டார். ஒரு குழல் சொல்வதை அடுத்த குழல் பிடித்துக்கொள்ள, குரல் இடையில் புகுந்து பறிக்கும். இன்றைய உலோகக் குழல்களின் ஒலி பெரியது. அவற்றுக்கு ஈடுகொடுக்கப் பாடகி குரலைப் பெருக்கினால் விளையாட்டு போய் மல்யுத்தம் ஆகிவிடும். பழைய மரக் குழல்கள் கிடைத்தால் குரல் தானாகவே மெலிந்து அவற்றோடு கலக்கும். உங்கள் ஊர்க் கச்சேரியில் புல்லாங்குழல் கலைஞர்கள் இருவரின் பெயர்கள் போடப்பட்டிருந்தால், அமைப்பாளர்கள் பணத்தை ஆடை அணிகலனில் மட்டும் கொட்டவில்லை என்று கொள்ளலாம்.

இடங்களை மீட்பது இன்னும் கடினம். கேஸில் கார்டன் மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த பழைய கோட்டை. கூரை போட்டு அரங்கமாக்கியிருந்தார்கள். பார்னம் அதை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற விளக்கு வைத்தார். டிக்கெட்டும் அதே நிறம். இடம் காட்டுபவர்கள் அதே நிற ரிப்பன் கட்டிய கோலுடன் நின்றார்கள். சுமார் 5,000 பேர் தள்ளுமுள்ளு இல்லாமல் உட்கார்ந்தார்கள். முதல் நாள் வசூல் 17,864 டாலர். தன் பங்கு முழுவதையும் லிண்ட் நியூயார்க்கின் அறநிலையங்களுக்குக் கொடுத்துவிட்டார், அதில் தீயணைப்பு வீரர்களின் நிதிக்கு மட்டும் 3,000. அந்தக் கட்டடம் பின்னர் குடியேறிகள் வந்திறங்கும் நிலையமாயிற்று, அதற்குப் பின் மீன் காட்சியகம். இன்று கூரையில்லாத கல்வட்டம்தான் நிற்கிறது. சுதந்திர தேவி சிலைக்குப் போகும் படகுக்கு அங்கே டிக்கெட் விற்கிறார்கள். அங்கே நின்று பாடினாலும் அன்றைய ஒலி திரும்பாது. பயணத்தின் மற்ற ஊர்களில் கிடைத்த இடத்தில் பாடினார்கள். நேட்சஸில் ஒரு தேவாலயம். இண்டியானாவின் மேடிசனில் பன்றி இறைச்சி பதப்படுத்தும் கொட்டகை. ஆகவே நல்ல மண்டபம் இல்லை என்று உங்கள் ஊர் அமைப்பாளர்கள் வருந்த வேண்டியதில்லை. கொட்டகையில் பாடுவதும் லிண்டுக்கு விசுவாசமான செயல்தான்.

மீட்டுருவாக்கங்கள் பெரும்பாலும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. முதல் கச்சேரி முடிந்து சரியாக ஒரு வாரத்தில், 1850 செப்டம்பர் 18 அன்று, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்கும் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது. அந்தக் குளிர்காலத்தில் பயணம் ரிச்மண்ட், சார்ல்ஸ்டன், ஹவானா, நியூ ஆர்லியன்ஸ் என்று அடிமைச் சந்தைகள் நடந்த நகரங்கள் வழியாகவே போனது. லிண்ட் அடிமைமுறை எதிர்ப்பாளர்களுக்கு நன்கொடை கொடுத்தார் என்ற செய்தி பரவியபோது, தெற்கில் வசூல் போய்விடுமே என்று பார்னம் பகிரங்கமாக மறுத்தார். பயணத்தின் முடிவில், 1852இல், எழுத்தாளர் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ், அடிமைகளாக இருந்த எட்மண்ட்ஸன் குடும்பத்தாரை விலை கொடுத்து விடுவிக்கப் பணம் திரட்டியபோது லிண்ட் 100 டாலர் அனுப்பினார். லிண்டை நினைத்து 'நைட்டிங்கேல்' என்று பெயரிட்டு 1851இல் கட்டிய அழகான பாய்க்கப்பல், பத்து ஆண்டுகளில் அடிமைக் கடத்தலுக்குப் பயன்பட்டு, 900க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களுடன் பிடிபட்டது. கச்சேரிக்கு நடுவே கதை சொல்லும் மீட்டுருவாக்கமாக இருந்தால், ஏலக் கதைகளுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்வாசியாவது இதற்கும் கொடுக்க வேண்டும். மெழுகுவத்தியும் பட்டுப் பாவாடையும் மட்டும் காட்டினால் அந்தக் காலம் பொய்யாகிவிடும்.

கதைகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பயணத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பார்னமின் சுயசரிதையிலிருந்து வருகிறது. அவர் கொடுக்கும் கணக்கு, மொத்த வசூல் ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல், லிண்டுக்குச் சேர்ந்தது ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் டாலருக்கு மேல் என்பதை ஆய்வாளர்கள் எடுத்தாளுகிறார்கள். நானும் ஏறக்குறைய ஏற்கிறேன். உரையாடல்களும் திருப்பங்களும் நிறைந்த கதைகள் வேறு. அவை விளம்பரத்தையே தொழிலாகக் கொண்டவர் எழுதியவை. வாஷிங்டனில் 'வீடே, இனிய வீடே' பாட்டை, அதை எழுதிய ஜான் ஹோவர்ட் பெய்ன் அமர்ந்திருந்த திசையைப் பார்த்து லிண்ட் பாடினார் என்று பரவலாகச் சொல்வார்கள். மேடையில் அருமையாக எடுபடும், அதனாலேயே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நேரில் கேட்டவர்கள் தம் கைப்பட எழுதியதுதான் எனக்கு முக்கியம். வால்ட் விட்மனுக்கு லிண்ட் பிடிக்கவில்லை. அத்தனை திறமையும் தன் மனதைத் தொடவில்லை என்று 1851இல் எழுதினார். அதே ஆண்டு கோடையில் நார்தாம்ப்டனில் கேட்ட எமிலி டிக்கின்சன், இசையைவிட அந்தப் பெண்ணைத்தான் தாங்கள் நேசித்ததாகத் தோன்றியது என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு பெரிய கவிகள் ஒரே குரலைக் கேட்டு இப்படிச் சொன்னார்கள் என்பது, குரலை மீட்டுவிட்டதாகச் சொல்பவர்களை நான் நம்பாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம்.

உங்கள் பாடகி பயணத்தின் எந்தப் பாதியை எடுத்திருக்கிறார் என்றும் பாருங்கள். 1851 ஜூனில், தொண்ணூற்றுச் சொச்சம் கச்சேரிகளுக்குப் பிறகு, லிண்ட் இழப்பீடு கொடுத்து பார்னமிடமிருந்து விலகினார். அதற்குள் பெனடிக்ட் லண்டன் திரும்பிவிட்டார். அவருக்குப் பதிலாக மெண்டல்ஸோனிடம் பயின்ற இளைஞர் கோல்ட்ஷ்மிட் வந்தார். 1852 பிப்ரவரி 5 அன்று பாஸ்டனில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு மே 24 அன்று, மறுபடி கேஸில் கார்டனில், கடைசிக் கச்சேரி. பார்னம் இல்லாத இந்த இரண்டாம் பகுதியில் ஏலமும் ஆரவாரமும் குறைவு, கூட்டமும் குறைவு. இதை மீட்டுருவாக்குபவர்கள் அரிது. லிண்ட் தன் விருப்பப்படி பாடியது அப்போதுதான் என்பதால் எனக்கு இந்தப் பகுதி மேல் ஈடுபாடு அதிகம்.

டிக்கெட்டுக்கு வருவோம். நிகழ்ச்சிக் கையேடு இணையத்தில் இருந்தால் இறக்கிப் பாருங்கள். பாரிட்டோன் உண்டா, தனி பியானோ உருப்படி உண்டா, இரண்டு புல்லாங்குழல்கள் உண்டா, கேடன்ஸாக்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்று சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த நான்கில் இரண்டு இருந்தாலும் நான் போவேன். ஒன்றுமே இல்லாமல் உடையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தால், நல்ல சோப்ரானோ கச்சேரி என்ற எதிர்பார்ப்போடு போங்கள், வரலாற்றை அங்கே தேட வேண்டாம். ஒலிபெருக்கி வைக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். வைத்தால் எதிரொலிப் பாட்டின் உயிர் போய்விடும்.

போவதற்கு முன் ஒன்று கேளுங்கள். ஓபரா பாடகி அடெலினா பட்டி 1906இல், தன் அறுபதுகளில், பதிவு செய்த 'காஸ்தா தீவா' இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அவர் லிண்டுக்கு இருபத்துமூன்று ஆண்டுகள் இளையவர். குரல் தேய்ந்திருக்கிறது, பதிவு கரகரக்கிறது. ஆனாலும் சுரங்களுக்கு இடையே அவர் வழுக்கிச் செல்வதையும், தாளத்தை இழுத்து விடுவதையும், இன்றைய பாடகிகள் நிறுத்தாத இடங்களில் நிறுத்துவதையும் கவனியுங்கள். பிறகு இன்றைய ஒரு பாடகி பாடிய அதே பாட்டைக் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது என்று உங்கள் ஊர்ப் பாடகியும் முடிவு செய்திருப்பார். கச்சேரி முடிந்ததும் அவரைச் சந்திக்க முடிந்தால் அந்த முடிவைப் பற்றியே கேளுங்கள். உழைத்தவராக இருந்தால் உங்களை எளிதில் விடமாட்டார்.